பச்சைத் தண்ணி

ஐசக் குடிக்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நீங்களும் ஊரோடு சேர்ந்துகொண்டு, பாம்பு கடித்த மனுஷன் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தானோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். மதுவிலக்கு இருந்த காலத்தில் அவனுடைய அண்ணன் எவனோ காய்ச்சிய விஷச் சாராயத்தைக் குடித்து, கண் தெரியாமல் போய்ச் செத்தான். அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு சபையில் எல்லோர் முன்னாலும் ஐசக் சத்தியம் செய்தான். பிறகு அரசாங்கமே சாராயக் கடையைத் திறந்து, உத்திரமேரூர் போகிற வழியில் கீற்றுக் கொட்டகை போட்டு, தொட்டுக்கொள்ளச் சுண்டலும் விற்க ஆரம்பித்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூலி வாங்கினால் நேராக வீட்டுக்கு வருகிற ஆள் காலனியில் அவன் ஒருவன்தான் என்று மற்ற பெண்கள் ஞானசுந்தரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, கர்வப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது?

பாம்பு கடித்தது சித்திரையில், நவரைப் பட்டத்து நெல் அறுப்பின்போது. வேதாசலத்தின் நிலம் ஏரி மதகை ஒட்டினாற்போல் இருந்தது. காலையில் இறங்கினால் உச்சி வெயில் வரை குனிந்த தலை நிமிராது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வேதாசலத்தின் மனைவி தாயாரம்மாள் பம்புசெட்டு நிழலுக்கு வருவாள். பெரிய பித்தளைக் குடத்தில் தண்ணீர் இருக்கும். அறுப்பு ஆட்கள் வரிசையாகக் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். அவள் சொம்பைத் தூக்கிப் பிடித்து மேலேயிருந்து ஊற்றுவாள். சொம்பு யார் கையிலும் பட்டுவிடாமல் ஊற்றுவதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி. பாதித் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து மண்ணுக்குப் போகும். மீதியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வயலில் இறங்குவார்கள். மோசமான பெண்பிள்ளை என்று சொல்ல முடியாது, சில நாள் மோரும் கொண்டுவருவாள். மோரும் கையில்தான்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் ஐசக் வரப்பில் நடந்து வந்தான். கட்டிப் போட்ட நெல்தாள் ஓரமாக ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்ததை அவன் பார்க்கவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரே போடு போட்டது. முதலில் பச்சிலைக்காரனிடம் தூக்கிப் போனார்கள். அங்கே பொழுது வீணாய்ப் போனது. பிறகு உத்திரமேரூர், அங்கிருந்து செங்கல்பட்டு. விஷத்துக்கு ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒன்றுக்குப் போவது நின்றுவிட்டது. கால் வீங்கி, முகம் வீங்கி, குமட்டல் எடுத்து, கடைசியில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய நிலத்தில் வேலை செய்யும்போது ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த ஆள் எழுந்து நடமாடும் வரை நிலக்காரர் அவன் வீட்டுக்கு நெல் அளக்க வேண்டும். வேதாசலமும் முதல் வாரம் அளந்தார். துணைக்குத் தன் மேஸ்திரி சுப்பிரமணியையும் மெட்ராசுக்கு அனுப்பினார். அதையும் சொல்லத்தானே வேண்டும். சுப்பிரமணி சலவைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகிக்கொண்டு வந்தான். அந்தச் சட்டைதான் எல்லா வினைக்கும் காரணம் என்று ஞானசுந்தரி இன்றைக்கும் சொல்லுவாள்.

பாம்பு விஷத்தில் கிட்னி இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன, ஆனால் செத்துப் போகவில்லை, நாள் போகத் திரும்பிக்கொள்ளும், அதுவரை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். டயாலிசிஸ் என்று அதற்குப் பெயர். முதல் தடவை ஞானசுந்தரி கதவுச் சந்தில் நின்று பார்த்தாள். புருஷனுடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மிஷினைச் சுற்றி, இன்னொரு குழாயில் உள்ளே வந்தது. அழுக்குத் துணியை அலசித் திரும்ப உடுத்துகிற மாதிரி என்று அவளாகவே புரிந்துகொண்டாள். கர்த்தரே, அந்தக் குழாய் எங்கேயும் விட்டுப் போகக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

மிஷின் கொஞ்சம், நோயாளி அதிகம். ஐசக் கொஞ்சம் தெளிந்ததும் படுக்கையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை மிஷினுக்கு வா என்று அனுப்பினார்கள். அப்போது ஞானசுந்தரி மருந்து வாங்குகிற வரிசையில் நின்றிருந்தாள், ஐசக் வெளியே நடையில் பெஞ்சில் சாய்ந்து கிடந்தான். அவள் வரும் வரை காத்திருக்க டாக்டருக்கு நேரமில்லை. சலவைச் சட்டை போட்ட ஆம்பிளை எதிரே நிற்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? தண்ணி கூடாது என்றுதான் டாக்டர் ஆரம்பித்தார். நாக்கு நனைகிற அளவுக்குத்தான், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் போகக் கூடாது என்றார். உப்பு கூடாது, இளநீர் கூடவே கூடாது, பழம், கீரை எதுவும் வேண்டாம் என்றார். பிறகு புரிந்ததா என்று கேட்டார். சுப்பிரமணி தலையை ஆட்டினான்.

அவன் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் தண்ணி என்று சொன்னால் அது சாராயம். அவன் தண்ணி போட்டிருக்கிறான், இவன் தண்ணியில் இருக்கிறான், இப்படித்தான் பேச்சு. அட, யோக்கியன் ஐசக்கும் கமுக்கமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறானா என்று சுப்பிரமணியின் புத்தி ஊரைப் பார்க்க ஓடிவிட்டது. டாக்டர் மேற்கொண்டு சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. மருந்தோடு வந்த ஞானசுந்தரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். புருஷன் குடிக்கிற விஷயத்தைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குக் கூச்சம். திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னார், அவ்வளவுதான் என்றான். அவளிடம் கூச்சப்பட்டவன் ஊரிலாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வேதாசலத்தின் களத்துக்குப் போனான்.

மறுநாள் போர் பம்பில் பாஞ்சாலிதான் விஷயத்தை உடைத்தாள். அடுத்த வீட்டுக்காரி, ஞானசுந்தரியோடு ஒன்றாய் அறுப்புக்குப் போகிறவள்.

"சுந்தரி, கோவிச்சுக்காத. உன் வூட்டுக்காரு தண்ணி போடுவாரா?"

"இன்னாடி கேக்கற?"

"நானா கேக்கறேன்? தண்ணி கூடாதுன்னு டாக்டரே சொல்லிக்கீறாராம். மேஸ்திரி தங் காதால கேட்டேன்னு சொல்லிக்கினு கீறான். போதையில போயி பாம்ப மெதிச்சிட்டாருன்னு களத்துல ஒரே பேச்சு. குடிச்சிட்டு வியிந்தவனுக்கெல்லாம் நான் நெல்லு அளக்கணுமான்னு வேதாசல நைனா கேட்டாராம்."

ஞானசுந்தரி குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். நெல் வராது என்பது அவளுக்கு அப்போது பெரிதாய்ப் படவில்லை. புருஷன் சபையில் வைத்த சத்தியத்தை ஊரே சேர்ந்து எச்சில் பண்ணிவிட்டது என்பதுதான் பெரிதாய்ப் பட்டது. எனக்கும் அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வேதாசலத்துக்கு நெல் மிச்சம் பண்ண ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஊருக்கு ஒரு யோக்கியனைக் கீழே இழுத்துத் தன்னோடு உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஒரே வார்த்தையில் இரண்டு பேர் காரியமும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து ஆட்கள் ஐசக்கைப் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வர முடியுமா? ஆளுக்கொரு இளநீர், சீப்பு வாழைப்பழம், ஒருத்தி முருங்கைக்கீரை. பாம்பு விஷம் சூடு, மிஷினும் சூடு, குளிர்ச்சியாய்க் கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கச் சுப்பிரமணியும் வந்து வேலியோரம் நின்றான். ஞானசுந்தரி உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"மேஸ்திரியண்ணா, இப்பிடி வெளிச்சத்துல வந்து நில்லு. எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. எங்க வூட்டுக்காரு குடிக்கிற தண்ணி இதான். பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணிதான். இந்தாய்யா, குடி."

ஐசக்குக்கு உள்ளூரத் தாகம் எரிந்துகொண்டிருந்தது. கிட்னி கெட்டவனுக்கு வருகிற தாகத்துக்கு அளவே கிடையாது. சொம்பை வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்து, இன்னும் கேட்டான். அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள். சுற்றி நின்றவர்கள் பாவம் பாவம் என்றார்கள். யாரோ இளநீரைச் சீவிக் கொடுத்தார்கள், அதையும் குடித்தான். சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஜெயித்துவிட்டதாகத்தான் ஞானசுந்தரி நினைத்தாள். ராத்திரிக்கு அந்தக் கீரையை வதக்கி உப்புக் கூட்டி, கூழோடு ஊட்டியும் விட்டாள்.

விடிந்தபோது அவன் கண் திறக்க முடியாமல் வீங்கிக் கிடந்தான். படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் முதுகு நிற்கவில்லை. கால் இரண்டும் துவண்டுவிட்டன. அவள் ஓடிப்போய் வேதாசலத்தின் வாசலில் நின்று காரைக் கேட்டாள். குடிகாரனை ஏற்றுகிற வண்டி இல்லை இது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மனுஷர் வெளியேகூட வரவில்லை. கடைசியில் செங்கல்பட்டுக்கு வைக்கோல் ஏற்றிப்போன லாரிக்காரன்தான் முன்சீட்டில் இடம் கொடுத்தான். அங்கிருந்து பஸ். மெட்ராஸ் போய்ச் சேரும் வரை அவன் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே போனாள்.

வார்டு நர்ஸ் சுலோச்சனா அவனைப் பார்த்ததும் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். மிஷினைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு ஞானசுந்தரி பக்கம் திரும்பினாள். கோபமான கோபம்.

"எவ்ளோ தண்ணி குடிச்சாரு?"

"அவுரு தண்ணி தொட மாட்டாரு சிஸ்டர்."

"தொடாமதான் இப்படி வீங்கியிருக்கா? பொய் சொன்னா ஆளு போயிடுவாரும்மா. எவ்ளோ குடிச்சாரு?"

"ஒரு சொட்டு கெடையாது. பைபிள் மேல சத்தியம். ஊருதான் இட்டுக்கட்டிச் சொல்லுது."

வண்டியில் கிடந்த ஐசக், பேச முடியாமல், ஒரு கையால் சொம்பின் அகலத்தைக் காட்டினான். இரண்டு விரலை நீட்டினான். ஞானசுந்தரிக்குப் புரியவில்லை. சுலோச்சனாவுக்குப் புரிந்தது. ஞானசுந்தரியின் கையைப் பிடித்து மூலையில் இருந்த பானையருகே இழுத்துப் போய், அலுமினிய டம்ளரில் மொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"தண்ணி."

"இதத்தாம்மா டாக்டர் கூடாதுன்னாரு. பச்சைத் தண்ணி. ஒண்ணுக்குப் போகல இல்ல, குடிக்கிறது எங்க போகும்? நெஞ்சுல போய்த்தான் நிக்கும். எளநியும் குடுத்தியா? எளநியில இருக்கிற சத்து கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு விஷம். இதயத்தையே நிறுத்திடும்."

ஞானசுந்தரி டம்ளரைப் பார்த்தாள். எத்தனை ஆசையாய் ஊற்றினாள், ஊரைக் கூட்டி வைத்து ஊற்றினாள். தன் கையாலேயே என்று தொடங்கிய நினைப்பை அவளால் முடிக்க முடியவில்லை. அழுவாள் என்று சுலோச்சனா நினைத்தாள். அவள் அழவில்லை.

"இத்த ஏன் என்னாண்ட சொல்லல?"

"உங்கூட வந்தவருகிட்ட டாக்டர் சொன்னாரேம்மா."

"அவனா இவுருக்கு ஆக்கிப் போடறான்? அவனா தண்ணி மொண்டு தரான்? எம் புருசன் உசுரு ஒரு வார்த்தையில கீது. அத்த ஒரு சட்டைகிட்ட சொல்லி அனுப்பினீங்களே. நான் நின்னுக்கினு இருந்த வரிசை உங்க ஆஸ்பத்திரி வரிசைதான? கூப்பிட்டா வந்திருக்க மாட்டனா?"

சுலோச்சனா தள்ளுவண்டியை மிஷின் பக்கம் தள்ளினாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்து அவன் மூச்சு ஒழுங்காய் வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுபோயிருப்பாய் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்காரரின் மகன் பக்கம் திரும்பி, இந்த அம்மாவுக்குப் பத்தியத்தை எடுத்துச் சொல்லு தம்பி என்றார். ஞானசுந்தரி அந்தப் பையனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னாண்ட சொல்லுங்க சார். எனுக்குக் காது கேக்கும்."

டாக்டர் சொன்னார். அவள் விட்டால்தானே. புரியாததைத் திரும்பக் கேட்டாள். தண்ணி என்றால் சோற்றிலிருக்கிற கஞ்சியும் சேர்த்தா, மோரும் சேர்த்தா, மாத்திரை விழுங்குகிற மடக்கும் சேர்த்தா என்று கேட்டாள். எல்லாம் சேர்த்துத்தான் என்றார். காய்கறியைப் பொடியாய் நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சுலோச்சனா சொல்லிக்கொடுத்தாள். சத்தையெல்லாம் கொட்டச் சொல்கிறார்களே என்று அவளுக்கு முதலில் மனம் வரவில்லை. காய் வேகவைத்த தண்ணீரில் ரசம் வைக்கிற வீடு அவளுடையது. கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, கூழில் உப்புக் கல் கூடாது. வடித்த சோறு, வேகவைத்த முட்டையில் வெள்ளை மட்டும், கொட்டி வடித்த சுரைக்காய். ஐசக் அதை வாயில் வைத்துவிட்டு வைக்கோல் தின்கிற மாதிரி இருக்கிறது என்பான். மாடு தின்னுதுல்ல, தின்னு என்பாள்.

தாகத்துக்குத்தான் மருந்தில்லை. கொதிக்கிற மெட்ராஸ் வெயில். ஜன்னலுக்கு வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போவான். சுலோச்சனா அந்த அலுமினிய டம்ளரில் ஊசியால் ஒரு கோடு கீறிக் கொடுத்திருந்தாள். அந்தக் கோடு வரை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மற்ற நேரத்தில் ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பாள், வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, துப்புகிறானா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மத்தியானம் அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். ஒரே ஒரு மடக்கு, யாருக்கும் தெரியாது என்றான். பக்கத்துப் படுக்கை அம்மாள் பொறுக்க மாட்டாமல், நீயெல்லாம் ஒரு பொம்பளையா, சாகப்போகிறவனுக்குக்கூட வாயில் தண்ணீர் விடுவார்களே என்று கேட்டாள்.

"சாவப் போறவனுக்குத்தான் வுடுவாங்க" என்றாள் ஞானசுந்தரி. "எம் புருசன் சாவ மாட்டான்."

சொல்லிவிட்டு நடைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அன்றைக்கு அவளும் தண்ணீர் குடிக்கவில்லை.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து நெல் வரவில்லை. சபைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி சேர்த்து அனுப்பினார்கள். அதில் பாஞ்சாலியுடைய படியும் இருந்தது. படுக்கைக்கடியில் மூத்திரம் பிடிக்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் காலியாகவே கிடந்தது. அதைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பதே அவளுக்கு ஜெபமாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அதன் அடியில் கொஞ்சம், ஒரு கை அள்ளுகிற அளவுக்கு, மஞ்சளாய் நின்றது. அவள் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வார்டின் நடுவே ஓடினாள்.

"சிஸ்டர், எங்க வூட்டுக்காரு ஒண்ணுக்குப் போய்ட்டாரு."

வார்டு முழுக்கச் சிரித்தது. ஐசக் தண்ணீருக்குக் கெஞ்சிய அன்றைக்கு ஞானசுந்தரியைத் திட்டிய அம்மாள் படுக்கையிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். மூத்திரத்துக்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நாளாக ஆகப் பாட்டில் நிறைந்தது, மிஷின் தேவைப்படவில்லை. கிட்னி முழுசாய்த் தேற மாசக்கணக்கில் ஆகும், அதுவரை தண்ணீர் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், சொல்கிற அளவுக்கு அளந்து குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை ஞானசுந்தரியைப் பார்த்துச் சொன்னார். சுலோச்சனா பழைய கோட்டுக்கு மேலே புதுசாய் ஒரு கோடு கீறி, டம்ளரை அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. சுப்பிரமணி எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினான். வேதாசலம் ஒன்றுமே நடக்காத மாதிரி, ஆவணியில் சொர்ணவாரிப் பட்டத்து அறுப்புக்கு இரண்டு பேரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போகக் கூடாது என்றுதான் ஞானசுந்தரி நினைத்தாள். போகாமல் எதைத் தின்பது? போனார்கள். ஐசக்குக்குக் குனிய முடியாது, வரப்பில் உட்கார்ந்து கட்டுக் கட்ட வைக்கோல் பிரி திரித்துக் கொடுத்தான்.

உச்சி வெயிலில் தாயாரம்மாள் குடத்தோடு வந்தாள். பம்புசெட்டு நிழலில் வேதாசலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் ஐசக்குக்கு முன்னால் ஞானசுந்தரி நின்றாள். எல்லோரும் கை குவித்துக் குனிந்தார்கள். அவள் குனியவில்லை. மடியிலிருந்து அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டினாள். தாயாரம்மாளுக்குச் சொம்பை எங்கே சாய்ப்பது என்று தெரியவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"இன்னா இது புது வயக்கம்?" என்றார் வேதாசலம்.

"டாக்டரு சொன்னதுங்க நைனா. எங்க வூட்டுக்காரு தண்ணி அளந்துதான் குடிக்கணுமாம். கையில ஊத்தினா பாதி முயங்கையில பூடுது, எங்கேர்ந்து அளக்கறது? இதுல கோடு கீறிக்கீது, பாருங்க."

"அவனுக்குத்தான அளவு? நீ எதுக்கு நீட்டற?"

"அவுருக்குத்தாங்க வாங்கறேன். டாக்டரு சொன்னது உங்களுக்குத் தெரியாததா? ஊருக்கெல்லாம் நீங்கதான சொன்னீங்க."

தண்ணியைப் பற்றி டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நெல்லை நிறுத்தினவர் வேதாசலம்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார். தாயாரம்மாள் சொம்பைச் சாய்த்தாள். எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும் டம்ளர் வாய் சின்னது. அவள் குனிய வேண்டியிருந்தது. சொம்பின் விளிம்பு டம்ளரில் டங்கென்று பட்டது. மேல் கோடு வந்ததும் ஞானசுந்தரி போதும் என்றாள்.

ஐசக் அதை வாங்கி, வாய் வைத்து, ஒரு சொட்டு மண்ணில் விழாமல் மெதுவாகக் குடித்தான்.

பின்னால் குவித்த கையோடு குனிந்திருந்த பாஞ்சாலி நிமிர்ந்தாள். கையைப் பிரித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இருங்கம்மா, ஊத்திடாதீங்க" என்றாள் தாயாரம்மாளிடம். "நானும் வூட்டுல போயி ஒரு டம்ளரு எடுத்துக்கினு வந்துட்றேன்."